தங்க நாடோடிக் கூட்டத்தின் காசுகளைச் சேர்ப்பது எப்படி? வாசிப்பதில் தொடங்கும் முழு வழிகாட்டி

உள்ளங்கையில் வைத்தால் இருப்பதே தெரியாத அளவுக்கு லேசான ஒரு வெள்ளிக்காசு. நம் ஒரு ரூபாயைவிடச் சிறியது. எடை அதில் பாதிகூட வராது, ஒன்றரை கிராம். ஒரு பக்கம் அரபு எழுத்தில் அரசன் பெயர், மறுபக்கம் ஊர்ப்பெயரும் ஆண்டும். ரஷ்யாவின் வோல்கா ஆற்றங்கரையில், 1340களில், தங்க நாடோடிக் கூட்டத்தை ஆண்ட ஜானி பெக் கான் ஆட்சியில் அடித்த காசு. அதே ஆண்டுகளில் மதுரையிலும் சுல்தான்கள் அரபு எழுத்தில் காசு அடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு இடங்களையும் நேரில் பார்த்த ஒரு மனிதர் உண்டு: மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா. 1330களில் ஜானி பெக்கின் தந்தை உஸ்பெக் கானின் கூடாரத்தில் விருந்தாளியாக இருந்தவர், அடுத்த பத்தாண்டில் மதுரை சுல்தான் கியாசுத்தீனின் அரண்மனைக்கு வந்து சேர்ந்தார். தமிழ்நாட்டில் மதுரை சுல்தான்களின் செப்புக்காசுகளைத் தேடி வாங்குகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குத் தங்க நாடோடிக் கூட்டத்தின் காசு அவ்வளவு அந்நியமாக இருக்காது.

இந்தக் காசுகளை வாங்குவது எளிது. வாசிப்பதுதான் வேலை. இந்தத் துறையில் அரிய காசையும் சாதாரணக் காசையும் பிரிப்பது ஓர் எழுத்து, ஓர் எண், ஓர் ஊர்ப்பெயர். அதைச் சொந்தக் கண்ணால் படிக்கத் தெரியாதவர் விற்பவரின் வாயை நம்பித்தான் பணம் கொடுக்க வேண்டும். நான் அப்படிக் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். அதனால்தான் இந்த வழிகாட்டியில் வாங்கும் படலம் பின்னால் வருகிறது, வாசிக்கும் படலம் முன்னால் வருகிறது.

படி 1: நான்கு தேதிகளை மனப்பாடம் செய்யுங்கள்

செங்கிஸ் கானின் மூத்த மகன் ஜோச்சி. அவன் வாரிசுகளுக்குக் கிடைத்த மேற்குப் புல்வெளிகளின் அரசுக்கு ஜோச்சி உலூஸ் என்று பெயர். தங்க ஓர்தா என்பது ரஷ்யர்கள் பிற்காலத்தில் வைத்த பெயர். தமிழில் தங்க நாடோடிக் கூட்டம் என்கிறோம். ஆண்ட வம்சம் மங்கோலியர், ஆளப்பட்ட மக்களில் பெரும்பாலோர் கிப்சாக் துருக்கியர். சில தலைமுறைகளுக்குள் அந்த அரசே துருக்கியக் கானரசாக மாறிவிட்டது. உஸ்பெக் கான் காலத்தில் (1313–1341) இஸ்லாம் அரச சமயமானது.

இந்த மாற்றம் முழுவதையும் காசிலேயே பார்க்கலாம். முதல் காசுகள் வோல்காவும் காமாவும் கூடும் இடத்துக்கு அருகே இருந்த புல்கார் நகரில் அடிக்கப்பட்டவை. அவற்றில் சிலவற்றில் இருப்பது கலீபா அல்-நாசிரின் பெயர், அவர் 1225இலேயே இறந்துவிட்டார் என்றாலும். அப்புறம் மங்கோலியப் பேரரசர்களின் பெயர்கள் வந்தன. மெங்கு தைமூர் (1266–1280) தன் சொந்தப் பெயரைப் போட்டான். தோக்தா கான் (1291–1312) காசுகளில் சிலவற்றில் அவன் பெயர் உய்குர் எழுத்தில் மேலிருந்து கீழாக ஓடும். சில செப்புக்காசுகளில் துருக்கிய மொழியிலேயே 'குத்லுக் போல்சுன்' என்றிருக்கும், மங்கலம் உண்டாகட்டும் என்று பொருள்.

சேகரிப்பவருக்கு நான்கு தேதிகள் போதும். இஸ்லாமிய ஆண்டுக்கணக்கான ஹிஜ்ரியில் 710 (1310–11): தோக்தாவின் நாணயச் சீர்திருத்தம், அதற்குப் பிறகுதான் காசு ஓர் ஒழுங்குக்கு வருகிறது. 1359: ஜானி பெக்கின் மகன் பெர்தி பெக் கொல்லப்படுகிறான், இருபது ஆண்டுக் குழப்பம் தொடங்குகிறது. 1380: தோக்தமிஷ் கான் எல்லாவற்றையும் ஒன்றுசேர்க்கிறான். 1395: மத்திய ஆசியாவிலிருந்து தைமூர் படையெடுத்து வந்து தலைநகர் சராயை அழிக்கிறான். கையில் இருக்கும் காசு இந்த நான்கு கோடுகளுக்கு இடையில் எங்கே விழுகிறது என்று தெரிந்தால் பாதி அடையாளம் முடிந்தது.

படி 2: எல்லையைக் குறுக்குங்கள்

'எல்லாம் சேர்ப்பேன்' என்று இறங்கினால் ஒரு வருடத்தில் பெட்டி நிறையும், மனது நிறையாது. நாற்பதுக்கும் மேற்பட்ட கான்கள், டஜன் கணக்கில் அக்கசாலைகள் (காசு அடிக்கும் இடங்கள்). ஏதாவது ஒரு கோட்டைப் பிடித்துக்கொள்வது நல்லது.

ஊர் வாரியாகப் போகலாம். சராய், சராய் அல்-ஜதீத் என்ற புதிய சராய், குலிஸ்தான், புல்கார், அசாக் (இன்றைய அசோவ்), கிரிமியாவின் கிரிம், வோல்கா கழிமுகத்தில் ஹாஜி தர்கான், யூரல் ஆற்றங்கரையில் சராய்ச்சுக், ஆமு தாரியாப் பக்கம் குவாரஸ்ம். ஊருக்கு ஒரு காசு என்று சேர்த்தாலே அந்தப் பேரரசின் வரைபடம் உங்கள் மேசையில் விரிந்துவிடும். 1357இல் ஜானி பெக் ஈரானியப் பக்கம் இறங்கி தப்ரீஸைப் பிடித்தபோது அங்கேயும் அவன் பெயரில் காசு அடித்தார்கள். அந்த ஒரு காசு ஒரு படையெடுப்பின் சாட்சி.

கான் வாரியாகப் போவது அடுத்த வழி. மூன்றாவது வழி செப்புக்காசுகள். வெள்ளிக்காசுக்கு டாங் என்று பெயர், செப்புக்காசுக்குப் புல். பதினாறு புல் ஒரு டாங் என்ற கணக்கைச் சில செப்புக்காசுகளில் எழுத்திலேயே பொறித்திருக்கிறார்கள். செப்பில் கான் பெயர் பெரும்பாலும் இருக்காது. ஆனால் படங்கள் இருக்கும்: முதுகில் சூரியனைச் சுமந்த சிங்கம், ஆறிதழ்ப் பூ, இரட்டைத்தலைக் கழுகு. விலை குறைவு, கற்றுக்கொள்ள ஏற்றது. கையில் காசு குறைவாக உள்ள மாணவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

இன்னொரு கிளையும் உண்டு. மாஸ்கோ இளவரசன் திமித்ரி தொன்ஸ்கோய் அடித்த வெள்ளிக்காசுகள் சிலவற்றில் ஒரு பக்கம் ரஷ்ய எழுத்து, மறுபக்கம் தோக்தமிஷ் பெயரைப் பார்த்து எழுதிய அரபு. அந்த இளவரசன் யாருக்குக் கப்பம் கட்டினான் என்பது காசிலேயே தெரிகிறது. ரஷ்ய மொழியில் பணத்துக்கு இன்றும் புழங்கும் 'தேங்கி' என்ற சொல்லும் துருக்கியத்திலிருந்து போனதுதான்.

நான் கடைசியில் பிடித்துக்கொண்டது குழப்ப காலத்தை, 1359 முதல் 1380 வரை. ஏன் என்று படி 5இல் சொல்கிறேன்.

படி 3: வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அரபு மொழி தெரிய வேண்டியதில்லை. இருபத்தெட்டு எழுத்தும் அவை சேரும் விதமும் தெரிந்தால் போதும். மதரசாவில் ஓதிப் பழகியவர்களுக்கு அந்தப் பழக்கமே பெரிய மூலதனம், ஒரே வாரத்தில் காசுகளைப் பிடித்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். எனக்கு அதைவிட அதிகம் ஆனது.

முதல் தடை, காசில் எழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. அரபில் பா, தா, நூன் மூன்றும் சொல்லின் நடுவில் ஒரே மாதிரி ஒரு பல். புள்ளியை வைத்துத்தான் வேறுபாடு. ஓலைச்சுவடி படித்தவர்களுக்கு இந்தச் சிரமம் புரியும். அங்கேயும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள், இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். இங்கேயும் அப்படித்தான். என்ன சொல் வரக்கூடும் என்று முன்கூட்டியே தெரிந்தால் எழுத்து தானாகக் கண்ணில் படும்.

நல்ல வேளையாக, வரக்கூடிய சொற்கள் கொஞ்சம்தான். அரசன் பக்கத்தில் 'சுல்தான் அல்-ஆதில்' (நீதி தவறாத சுல்தான்) அல்லது 'சுல்தான் அல்-அஃஸம்' (மாபெரும் சுல்தான்), அப்புறம் பெயர், கடைசியில் 'கான்'. பல காசுகளில் 'அவன் ஆட்சி நிலைக்கட்டும்' என்ற வாழ்த்தும் சேரும். உஸ்பெக் என்றால் கியாசுத்தீன் முகம்மது, ஜானி பெக் என்றால் ஜலாலுத்தீன் மஹ்மூத் என்ற பட்டப்பெயர்கள் கூடவே வரலாம். மறுபக்கம் 'அடிக்கப்பட்டது' என்ற சொல், ஊர், ஆண்டு. சில காசுகளில் கலிமா என்ற இஸ்லாமிய நம்பிக்கை உறுதிமொழி.

ஊர்ப்பெயர்களைச் சித்திரமாகப் பழகுங்கள். அசாக்: நின்ற கோடு, சரிந்த கோடு, மறுபடி நின்ற கோடு, கடைசியில் தலையில் வளையம் உள்ள கிண்ணம். சராய்: மூன்று பல், கீழே வளையும் கொக்கி, நின்ற கோடு, பின்னால் இழுத்த நீள வால். இந்த இரண்டையும் ஐம்பது முறை தாளில் எழுதிப் பாருங்கள். எழுதிய கைக்குத் தெரிந்ததைக் கண் தவறவிடாது.

அடுத்தது எண்கள். பதினான்காம் நூற்றாண்டு, கடைசிச் சில ஆண்டுகள் தவிர, ஹிஜ்ரி எழுநூறுகளில் அடங்கும், ஆகவே நீங்கள் தேடும் முதல் எண் பெரும்பாலும் 7. அரபு 7 மேலே திறந்த ஆப்பு வடிவம். 8 அதையே கவிழ்த்து வைத்தது. 1 ஒரு நின்ற கோடு. 9 நம் 9 போலவே. 6 நம் 7 போல இருக்கும், ஜாக்கிரதை. 4, 5 இரண்டும் அந்தக் காலத்தில் இன்றைய அச்சு வடிவத்தில் இருக்காது, அங்கேதான் தடுக்கும். எண்களை நம்மைப் போலவே இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். அச்சு வெட்டியவன் தவறி எண்ணைக் கண்ணாடிப் பிம்பமாக வெட்டிய காசுகளும் உண்டு.

என் முதல் வெள்ளிக்காசில் இந்த 7தான் என்னை நான்கு நாள் சுற்றவிட்டது. மேசை விளக்குக்குக் கீழே பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். கூரையைப் போலக் கவிழ்ந்த ஆப்பு தெளிவாகத் தெரிந்தது. 8 என்று எழுதிக்கொண்டேன். எண்ணூறுகள் என்றால் பதினைந்தாம் நூற்றாண்டு, அதற்குள் காசின் எடை நன்றாகக் குறைந்திருக்க வேண்டும். ஆனால் தராசு 1.52 கிராம் காட்டியது. எங்கேயோ இடிக்கிறதே என்று நான்காம் நாள் இரவு காசை அப்படியே அரை வட்டம் திருப்பினேன். 8 என்று நினைத்தது 7 ஆனது, குப்பையாகத் தெரிந்த மேல் வரி 'சராய்' ஆனது. நான்கு நாளும் தலைகீழாகப் பிடித்திருந்தேன். அன்றிலிருந்து எந்தக் காசை எடுத்தாலும் முதலில் உயரமான கோடுகள் எந்தப் பக்கம் எழும்புகின்றன என்று பார்த்து, அதை மேல் என்று உறுதி செய்துகொண்டுதான் எண்ணைப் படிக்கிறேன்.

ஹிஜ்ரியை நம் ஆண்டாக மாற்ற ஒரு சுலபக் கணக்கு: ஹிஜ்ரி எண்ணை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டுங்கள். 743 என்றால் 720.7, கூட்டினால் 1342 சொச்சம். ஹிஜ்ரி ஆண்டு நம் இரண்டு ஆண்டுகளில் பரவும் என்பதால் 1342–43 என்று எழுதுவது முறை.

பழகுவதற்கு நல்ல இடம் ஸெனோ என்ற கீழைநாட்டுக் காசுகளின் இணையத் தொகுப்பு. கான் வாரியாக, ஊர் வாரியாக ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கின்றன. விளக்கத்தைக் கையால் மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்துப் படியுங்கள், பிறகு சரிபாருங்கள். தினம் ஐந்து காசு போதும்.

படி 4: கருவிகள்

பத்து மடங்கு லென்ஸ், பக்கவாட்டில் சாய்க்கக்கூடிய ஒரு மேசை விளக்கு, மில்லிமீட்டர் அளவுகோல், நகைக்கடைத் தராசு. விளக்கை நேர் மேலே வைத்தால் எழுத்து தெரியாது. மேசையோடு மேசையாகச் சாய்த்து, காசை மெல்லச் சுழற்றினால் தேய்ந்த கோடும் நிழல் விழுந்து எழும்பும்.

எடைதான் முதல் சோதனை. தோக்தாவின் சீர்திருத்தத்துக்குப் பின் சராய் டாங் காசுகள் ஒன்றரை கிராமை ஒட்டி நிற்கும். தோக்தமிஷ் காலத்தில் 1.4 கிராம் பக்கம் இறங்கும். பதினைந்தாம் நூற்றாண்டில் ஒரு கிராமும் அதற்குக் கீழும். உஸ்பெக் காசு என்று சொல்லி 1.1 கிராமில் ஒன்றைக் கொடுத்தால் ஓரம் வெட்டப்பட்டதா, போலியா என்று கேள்வி எழ வேண்டும்.

தண்ணீரில் எடைபோட்டு அடர்த்தி பார்க்கும் முறையைப் பலர் சொல்வார்கள். இந்தக் காசுகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1.50 கிராம் நல்ல வெள்ளிக்காசு வெளியேற்றும் தண்ணீர் ஏறக்குறைய 0.146 கிராம்தான். தராசு நூற்றில் ஒரு கிராம் பிசகினாலே அடர்த்தி 9.6 என்றும் வரும், 11 என்றும் வரும். வெள்ளியா ஈயக் கலப்பா என்று அதை வைத்துச் சொல்லவே முடியாது. ஆயிரத்தில் ஒரு கிராம் காட்டும் தராசு இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

படி 5: எது அரிது என்று புரிந்துகொள்ளுங்கள்

பழசு என்பதாலேயே அரிது ஆகிவிடாது. உஸ்பெக், ஜானி பெக், தோக்தமிஷ் மூவரின் சராய்க் காசுகள் புதையல் புதையலாகக் கிடைத்தவை. எழுநூறு வருடப் பழமை இருந்தும் சாதாரண டாங் ஒன்றைச் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கலாம். அதே ஜானி பெக், ஊர் மட்டும் தப்ரீஸ் என்றால் கதை வேறு.

அரிய காசுகளின் சுரங்கம் குழப்ப காலம். 1357இல் ஜானி பெக் இறந்தான். மகன் பெர்தி பெக் இரண்டு வருடம். அவனுக்குப் பிறகு குல்பா, நவ்ரூஸ், கிழ்ர் என்று வரிசையாக வந்தார்கள், வரிசையாகக் கொல்லப்பட்டார்கள். ஹிஜ்ரி 762ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது 1360 நவம்பரில் தொடங்கி 1361 அக்டோபரில் முடிகிறது. அந்த ஒரே ஆண்டைப் பொறித்து கிழ்ர் கான் காசு இருக்கிறது, அவன் மகன் தைமூர் குவாஜாவின் காசு இருக்கிறது, ஓர்து மெலிக் காசு, கில்தி பெக் காசு, முரீத் காசு எல்லாம் இருக்கின்றன. தைமூர் குவாஜாவும் ஓர்து மெலிக்கும் ஆண்டது சில வாரங்கள்தான். அரியணையில் உட்கார்ந்தவன் முதல் வேலையாகத் தன் பெயரில் வெள்ளி அடித்திருக்கிறான். வெள்ளிக்கிழமை தொழுகை உரையில் பெயர், காசில் பெயர், இந்த இரண்டும்தானே ஆட்சிக்கு அடையாளம். சில வார அரசர்கள் வாழ்ந்ததற்கே காசுதான் முதல் சான்று. ஐந்து பேர், ஒரே எண். அந்த ஐந்தையும் ஒரு தட்டில் வைத்துப் பார்த்தால், எந்தப் புத்தகம் சொல்வதைவிடவும் அந்த ஆண்டு நெஞ்சில் தைக்கும்.

இந்தக் காலத்தில்தான் மாமாய் வருகிறான். பெரிய தளபதி, ஆனால் செங்கிஸ் கான் வம்சம் இல்லை, கான் ஆக முடியாது. அப்துல்லா என்ற இளவரசனை முன்னால் நிறுத்தி ஆண்டான். அப்துல்லாவின் காசுகளில் ஊருக்குப் பதில் 'ஓர்தா' என்று இருப்பவை உண்டு. நகரும் பாசறையே அக்கசாலை.

அப்புறம் துலுன்பெக். 'கானும்' (அரசகுலப் பெண்ணின் பட்டம்) என்று அழைக்கப்பட்டவள். ஹிஜ்ரி 773இல் (1371–72) ஒரு பெண்ணின் பெயரில் சராய் அல்-ஜதீதில் அடித்த வெள்ளி. அவளைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி அந்தக் காசுகளிலிருந்து வந்ததுதான். மிக அரிது, அதனாலேயே போலியும் செய்யப்படுவது.

சரி, ஒரு காசு அரிதா என்று எப்படி உறுதி செய்வது? இரண்டு விஷயம். ஸ்டீபன் ஆல்பம் என்ற நாணயவியலாளர் இஸ்லாமியக் காசுகளுக்குத் தந்த வகை எண்ணும் எவ்வளவு அரிது என்ற குறியும் ஏலக் குறிப்புகளில் வரும், அது முதல் வடிகட்டி. ஆனால் அது வகையைச் சொல்லும், ஒவ்வொரு ஊர்–ஆண்டு இணையையும் சொல்லாது. அதற்கு ஸெனோ தொகுப்பில் அதே ஊர், அதே ஆண்டு எத்தனை படங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். முன்னூறு இருந்தால் அவசரப்பட வேண்டாம். மூன்று இருந்தால் அன்றைக்கே முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

படி 6: போலிகள்

நான் ஏமாந்த கதை இதுதான். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடமிருந்து துலுன்பெக் பெயரில் ஒரு காசு வாங்கினேன். விலை எனக்குப் பெரிது. வாங்கி எட்டு மாதம் கழித்து வேறொரு விற்பனைப் படத்தில் என் காசையே பார்த்தேன். அதே எழுத்து என்றால் பரவாயில்லை, ஒரே அச்சில் பல காசு அடிப்பார்கள். ஆனால் வலப்பக்க ஓரத்தில் இருந்த சிறு பிளவு, இடப்பக்கம் வெளியே தள்ளிய விளிம்பு, நடுவில் இருந்த கீறல் மூன்றும் அப்படியே இருந்தன. சுத்தியலால் ஒவ்வொன்றாக அடித்த காசுகளில் எழுத்து ஒத்துப்போகலாம், பிளவு ஒத்துப்போகாது. ஒரே அசலிலிருந்து வார்ப்பு எடுத்திருந்தார்கள்.

அன்றைக்கு நான் பார்த்திருக்க வேண்டியவை: ஓரத்தைச் சுற்றி அரம் வைத்துத் தேய்த்த தடம் இருந்தது, வார்ப்பு மடிப்பை மறைக்க அப்படிச் செய்வார்கள். லென்ஸில் பார்த்தால் எழுத்துகளுக்கு இடையே ஊசிக்குத்துப் போல நுண்ணிய குழிகள், உருக்கிய உலோகத்தில் காற்று விட்ட குமிழ்கள். எழுத்தின் ஓரங்கள் சோப்புக் கட்டி போல மழுங்கியிருந்தன. அடித்த காசில் தேய்மானம் மேட்டில்தான் விழும், பள்ளம் கூர்மையாகவே இருக்கும். என் காசில் மேடும் பள்ளமும் ஒன்றுபோல மழுங்கல்.

புது அச்சு வெட்டி அடிக்கும் போலிகள் இன்னும் கடினம். அவற்றுக்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து, அசல் அச்சுகளைப் படங்களில் நூற்றுக்கணக்கில் பார்த்து எழுத்தின் நடையைக் கண்ணில் ஏற்றிக்கொள்வது. கையெழுத்து தெரிந்தவரின் கடிதத்தை வேறொருவர் எழுதினால் நமக்குத் தெரியுமே, அப்படி.

ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். அந்தக் காலத்திலேயே அடித்த நகல்களும் உண்டு, எழுத்து உடைந்து கோலம் போல ஆகியிருக்கும். அவை வரலாறு, சேர்க்கத் தகுந்தவை. அசல் கானின் காசு என்ற விலைக்கு மட்டும் வாங்க வேண்டாம்.

படி 7: வாங்குவது, சட்டம்

பெயர் பெற்ற ஏல நிறுவனம், அல்லது காசு தவறானால் பணத்தைத் திருப்பித் தரும் உறுதியை எழுத்தில் தரும் வணிகர், இந்த இரண்டில் ஒன்றைத் தவிர வேறு வழியாக முதல் இரண்டு வருடம் வாங்காதீர்கள். ஒவ்வொரு காசுக்கும் முன்பு யாரிடம் இருந்தது, எந்த ஏலத்தில் போனது என்று கேளுங்கள். பழைய சேகரிப்பின் கையெழுத்து உறையோடு வரும் காசுக்குச் சற்று அதிகம் கொடுப்பது சரியே.

ஏன் கேட்க வேண்டும் என்றால், இந்தக் காசுகள் மண்ணிலிருந்து வருகின்றன. ரஷ்யாவில் 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, அனுமதியில்லாமல் உலோகக் கண்டறி கருவியோடு தொல்லியல் இடங்களைத் தோண்டுவது குற்றம். ஒரு புதையலைப் பிரித்து விற்றால் எந்தக் காசு எதோடு கிடந்தது என்ற செய்தி அழிந்துவிடும். தொல்லியலாளர் கெர்மன் ஃபியோதரவ்-தவீதவ் போன்றவர்கள் வோல்கா நகரங்களை அகழ்ந்து, புதையல்களைப் பட்டியலிட்டு வைத்ததால்தான் எந்தக் கானின் காசு எதுவரை புழங்கியது என்று இன்று நமக்குத் தெரிகிறது. நேற்றுத் தோண்டியது போல மண்ணோடு வரும் காசுக் குவியலை நான் தொடுவதில்லை. நீங்களும் தொடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு முக்கியச் செய்தி. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைப் புதையல்கள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசு தொல்பொருள், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளியிலிருந்து வாங்கிவந்த காசு என்று சொல்லிப் பிறகு வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பலாம் என்று கணக்குப் போட வேண்டாம். வாங்கும்போதே, இங்கேயே வைத்துக்கொள்ளத்தான் வாங்குகிறோம் என்ற முடிவோடு வாங்குங்கள். பார்சலில் மதிப்பை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள், ரசீதை ஆயுளுக்கும் வையுங்கள்.

படி 8: பாதுகாப்பு

தேய்க்காதீர்கள். புளி, பல்பொடி, வெள்ளி பாலிஷ் எதுவும் வேண்டாம். கருத்த படலம் காசின் தோல், அதை உரித்தால் திரும்ப வராது. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மென்மையான துணியில் ஒற்றி எடுங்கள்.

பிவிசி பிளாஸ்டிக் உறைகள் வேண்டாம். சில வருடத்தில் பசை கசிந்து காசில் பச்சையாக ஒட்டும். அமிலமில்லாத காகித உறையோ மைலார் (பாலியெஸ்டர்) உறையோ நல்லது. சென்னை, நாகை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் செப்புக்காசு வைத்திருப்பவர்கள் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நிறம் மாறும்போது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். செப்பில் வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் அந்தக் காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள். உப்பு அரிப்பு, விட்டால் காசைத் தின்றுவிடும்.

படி 9: அட்டை எழுதுங்கள்

ஒவ்வொரு காசுக்கும் ஓர் அட்டை. கான், ஊர், ஹிஜ்ரி ஆண்டு, நம் ஆண்டு, எடை இரண்டு தசம இடம் வரை, விட்டம், வாங்கிய இடம், தேதி, விலை, முந்தைய உடைமையாளர். தெளிவாகத் தெரிந்த எழுத்தையும், ஊகித்த எழுத்தையும் பிரித்து எழுதுங்கள். ஊகித்ததைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள். கல்வெட்டுப் படிப்பவர்கள் செய்வது போலத்தான். பத்து வருடம் கழித்து நீங்களே எடுத்துப் பார்த்தாலும் எது கண்டது, எது கற்பித்தது என்று தெரிய வேண்டும். கிறிஸ்டியான் ஃபிரேன் 1807இல் கசான் பல்கலைக்கழகத்துக்கு வந்து, கையில் கிடைத்த காசுகளை ஒவ்வொன்றாகப் படித்து எழுதத் தொடங்கினார். இந்தத் துறையே அப்படிப்பட்ட குறிப்புகளின் மேல்தான் நிற்கிறது.

பக்கவாட்டு வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள், முடிந்தால் ஸெனோவில் ஏற்றுங்கள். இதில் உங்களுக்கும் லாபம் உண்டு. அச்சு காசைவிடப் பெரிதாக இருந்ததால் பல காசுகளில் எழுத்தின் ஒரு பகுதி வெளியே போயிருக்கும். உங்கள் காசில் விழாத எழுத்து, அதே அச்சில் அடித்த இன்னொருவர் காசில் விழுந்திருக்கலாம். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும்.

என் பெட்டியில் கிழ்ர் கானின் குலிஸ்தான் டாங் ஒன்று இருக்கிறது, 1.49 கிராம். 7 இருக்கிறது, 6 இருக்கிறது, மூன்றாவது எண் விளிம்புக்கு வெளியே போய்விட்டது. அவன் காலத்தை வைத்துப் பார்த்தால் 760, 761, 762 மூன்றில் ஒன்று. 762 என்றால் என் ஐந்தில் ஒன்று கூடும். எழுத்தில் 'கான்' என்ற சொல்லின் மேலே அச்சில் ஒரு சிறு வெடிப்பு, மயிரிழை போல வலப்பக்கம் சாய்கிறது. அதே வெடிப்போடு இன்னொரு காசு ஏற்றப்படுகிறதா என்று வாரம் ஒருமுறை தேடிப் பார்க்கிறேன். அதுவரை அட்டையில் 76[?] என்றே இருக்கும்.